பாஸ்போர்ட் கட்டணம் ஏறிவிட்டது, வேவா

கத்தேமாகோ,
ஜனவரி 9

அன்புள்ள வேவாவுக்கு,

டெயோ எழுதுகிறேன். நானும் அரசேலியும் நலம். நீயும், நீ பார்த்துக்கொள்ளும் அந்தப் பெரியவரும் சராகோசாவில் நலமாக இருக்கக் கார்மென் மாதாவை வேண்டுகிறேன். அங்கே ஸ்பெயினில் குளிர்காற்று காதை அறுக்கிறது என்று எழுதியிருந்தாய். காதை மூடாமல் வெளியே போகாதே. இங்கே வடக்குக் காற்று வந்தால் மூன்று நாள் தூறல், போனால் வெயில். வேறு மாற்றம் இல்லை.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நம் வீட்டில் போன் பேசுவது எப்படி என்று உனக்குத் தெரியும். வாசல்படியில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும், பேசுவது தெருவுக்கே கேட்கும். பக்கத்தில் அரசேலி வேறு நிற்பாள். அதனால் எழுதுகிறேன்.

நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அரசேலிக்கு இன்னும் பாஸ்போர்ட் எடுக்கவில்லை. டிசம்பருக்குள் எடுத்துவிடுவேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். நீயும் அதற்காக ஒரு நாள் விடுப்பு எடுத்து, ரயிலேறி, நம் மெக்சிகோ தூதரகத்துக்குப் போய்ச் சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாய். அவள் உன்னிடம் வந்து சேர வேண்டிய மற்ற காகிதங்களையெல்லாம் அங்கே முடித்துவிட்டாய். இங்கே முடிக்க வேண்டியது இந்தச் சின்னப் புத்தகம் ஒன்றுதான் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் போக நினைத்த வாரம் மழை. அடுத்த வாரம் படகு மோட்டார் நின்றுவிட்டது. அதற்கடுத்த வாரம் கிறிஸ்துமஸ். புது வருடம் பிறந்ததும் வழக்கம்போலக் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள். நான் எடுத்து வைத்திருந்தது பழைய கட்டணத்துக்குத்தான் சரியாக இருந்தது. நீ அங்கிருந்து அனுப்புகிறேன் என்று சொல்லாதே. மகளுடைய பாஸ்போர்ட்டை நான்தான் எடுக்க வேண்டும்.

நீ சொல்லப்போவதும் தெரியும். இது மூன்றாவது ஜனவரி என்று சொல்வாய். ஆமாம், மூன்றாவதுதான்.

கட்டணம் ஏறியதில் ஒரு வேடிக்கை. எனக்கு இடைஞ்சல், ஏரிக்குக் கொண்டாட்டம். தலைநகரத்திலிருந்தும் புவேப்லாவிலிருந்தும் வருகிறவர்கள் படகில் உட்கார்ந்ததும் முதலில் பேசுவது பாஸ்போர்ட்டைப் பற்றித்தான். வீட்டில் நாலு பேர் என்றால் நாலு புத்தகம் புதுப்பிக்க வேண்டும். விமான நிலையத்தை மிதிப்பதற்கு முன்பே கை காலியாகிவிடுகிறது. அந்தப் பணத்துக்கு இங்கே வந்து தங்கி, பொரித்த மீன் தின்று, குரங்குத் தீவைப் பார்த்து, மந்திரவாதியிடம் துளசிக் கொத்தால் அடி வாங்கித் திருஷ்டியும் கழித்துக்கொண்டு ஊர் திரும்பிவிடலாம் என்று வருகிறார்கள். பக்கத்துப் படகுக்காரன் செஞ்சோ, நம் கல்யாணத்தில் கேக்கின் மேல் விழுந்தானே, அவன் தினமும் காலையில் படித்துறையில் நின்று, "மச்சான், அரசாங்கம் கட்டணத்த ஏத்துறது நமக்காகத்தான்டா. இன்னும் ஏத்தட்டும். நான் ரெண்டாவது படகு வாங்கிக்கிறேன்" என்று கத்துகிறான்.

போன சனிக்கிழமை புவேப்லாவிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கல்யாணமாகி இருபது வருடமாம். அந்த அம்மாள் படகில் ஏறும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். "கொலம்பியாவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு இருபது வருசமா சொன்னாரு. இப்பக் கொரங்கு காட்டக் கூட்டியாந்திருக்காரு" என்று என்னிடம் நியாயம் கேட்டாள். அவர் அசரவில்லை. "கொரங்கு பாக்கப் பாஸ்போர்ட் வேணாம்ல" என்றார். அரசேலிதான் சமாளித்தாள். "அத்தை, இந்தக் கொரங்குக எல்லாம் தாய்லாந்துலேருந்து கொண்டுவந்து விட்டது. நீங்க இப்பப் பாக்கப்போறது வெளிநாட்டுக்காரங்களத்தான்" என்றாள். அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். திரும்பி வரும்போது கணவன் தோளில் சாய்ந்திருந்தாள்.

பயப்படாதே, அன்று விடுமுறை. விடுமுறை நாளில்தான் படகுக்கு வருகிறாள். படிப்பு நன்றாகத்தான் போகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ அனுப்பிய கம்பளிச் சட்டை எனக்குப் பொருத்தமாக இருக்கிறது. இந்த ஊரில் அதைப் போட்டுக்கொள்ளும் நாள் எதுவென்றுதான் தெரியவில்லை.

உன்,
டெயோ

•

கத்தேமாகோ,
புனித வாரம், செவ்வாய்

அன்புள்ள வேவாவுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. பதில் எழுத உட்காருவேன், யாராவது கூப்பிடுவார்கள். இப்போதுகூடப் படித்துறைப் படியில், தொப்பியை மடியில் வைத்து, அதன் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். கோடு கோணலாகப் போனால் அதுதான் காரணம்.

இப்படி ஒரு கூட்டத்தை இந்த ஊர் பார்த்ததில்லை. நேற்று கார்கள் சாலையில் அரை மணி நடை தூரத்துக்கு நின்றன. முன்பெல்லாம் நாங்கள் சட்டையைக் கழற்றி ஆட்டிக்கொண்டு கார் பின்னால் ஓடுவோமே, இப்போது அவர்கள் எங்கள் பின்னால் ஓடி வருகிறார்கள். விடுதிகளில் இடமில்லாமல் பள்ளிக்கூடத்து மைதானத்தில் கூடாரம் போட்டிருக்கிறார்கள். மீன் விலை என்ன ஆயிற்று தெரியுமா. ஏரியில் பிடிக்கிற மீனெல்லாம் நேராகச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போய்விடுகிறது. நம் தெரு ஆட்கள் டின் மீன் வாங்குகிறார்கள். ஏரிக்கரையில் உட்கார்ந்து டின் மீன் தின்னும் காலம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். நத்தை விற்கும் எவுஃபேமியா அக்கா நேற்று என்னைப் பிடித்துக்கொண்டாள். "டெயோ, இவங்க எல்லாரையும் வெளிநாட்டுக்கே அனுப்பிச்சிடச் சொல்லுடா. எனக்குக் கை ஓஞ்சு போச்சு. ஒரு நாளைக்கு எத்தன நத்தையத்தான் நான் ஓட்டுலேருந்து எடுக்குறது" என்றாள். கைவிரல்களை விரித்துக் காட்டினாள். எலுமிச்சைச் சாறு பட்டுப் பட்டு வெந்து போயிருந்தன.

எனக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. படகு ஓடிக்கொண்டிருக்கும்வரை ஒன்றும் இல்லை. கரையில் கட்டியதும் நெஞ்சுக்குள் மோட்டார் ஓட ஆரம்பிக்கிறது. வேலை அதிகமானதால் இருக்கும்.

நீ கேட்டிருந்ததற்கு வருகிறேன். பாஸ்போர்ட்டுக்கு இணையத்தில் தேதி வாங்க வேண்டும், இந்தக் கூட்டம் கலையட்டும். புனித வாரம் முடிந்ததும் முதல் வேலை அதுதான். அரசேலியும் கேட்பதில்லை. அவள் கேட்காதபோது நான் ஏன் அவசரப்பட வேண்டும் என்றுகூடச் சில சமயம் தோன்றுகிறது. இதை நீ தவறாக எடுத்துக்கொள்ளாதே.

வேலை நாளில் காலை பத்து மணிக்குக் கூப்பிட்டால் அரசேலி எப்படி எடுக்கிறாள் என்று கேட்டிருந்தாய். ஒரு தடவை ஆசிரியர் வரவில்லை. இன்னொரு தடவை அவளுக்குத் தலைவலி. இப்போது பள்ளி விடுமுறை, அதனால் படகில்தான் இருக்கிறாள். அவள் இருந்தால் கூட்டம் மற்ற படகுகளை விட்டு நம் படகுக்கு வருகிறது. தீவைப் பற்றி அவள் சொல்கிற கதைகளில் பாதி எனக்கே புதிது. பதினைந்து வயதில் என்ன வாய். உன்னைப் போல.

உன் கடிதத்தில் ஓரிடத்தில் "எங்கள் வீட்டுப் பால்கனியில் இருந்து ஆறு தெரியும்" என்று எழுதியிருக்கிறாய். நல்ல இடம் கிடைத்திருக்கிறது. அந்தப் பெரியவரின் வீட்டைத்தான் அப்படிச் சொல்கிறாய் என்று நினைக்கிறேன். செஞ்சோ கூப்பிடுகிறான், மூன்று கார் ஆட்கள் காத்திருக்கிறார்களாம். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

டெயோ

•

கத்தேமாகோ,
ஈஸ்டர் ஞாயிறு

வேவா,

முதலில் இதைப் படி. அரசேலி நன்றாக இருக்கிறாள். அடுத்த அறையில்தான் இருக்கிறாள், முழங்கையில் ஒரு சிராய்ப்பு, வேறு ஒன்றுமில்லை. இதை வேறு யார் வாயாலும் நீ கேட்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

நேற்று மதியம் தெற்குக் காற்று எழும்பியது. இந்த மாதத்தில் எழும்பும் சூடான காற்றுதான், உனக்குத் தெரியும். காலையிலேயே மலைப்பக்கம் வானம் தூசியாக இருந்தது. மற்ற நாளாக இருந்தால் படகைக் கட்டியிருப்பேன். ஆனால் படித்துறையில் வரிசை கோயில் வரை நின்றது. என் படகில் பன்னிரண்டு பேர் ஏறலாம், பன்னிரண்டு லைஃப் ஜாக்கெட் இருக்கிறது. நான் பதினேழு பேரை ஏற்றினேன். த்லாஸ்கலாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் பிரியாமல் ஒரே படகில் போக வேண்டும் என்றது. அந்த அப்பா ஜாக்கெட் எங்கே என்று கேட்டார். "பத்து நிமிசந்தான் சார், ஒண்ணும் ஆகாது" என்று சொன்னேன். அவருடைய கடைசிப் பெண், ஆறு வயது, பெயர் ரெனாத்தா, ஜாக்கெட் இல்லாமல் உட்கார்ந்தாள். அரசேலி தன்னுடையதைக் கழற்றி ஒரு வயதான அம்மாளுக்குக் கொடுத்துவிட்டாள். அடுத்த சுற்றில் குழந்தைக்கு எடுத்துத் தருகிறேன் என்று வேறு சொன்னேன். அந்தக் குழந்தைக்கு அடுத்த சுற்று ஏது. இதை எழுதும்போதுதான் அது உறைக்கிறது.

தீவுக்குப் பக்கத்தில் போனதும் ஒரு குரங்கு குட்டியோடு கரைப்பாறைக்கு வந்தது. எல்லோரும் ஒரே பக்கமாக எழுந்து போனைத் தூக்கினார்கள். உட்காருங்கள் என்று கத்தினேன். அதே நேரத்தில் காற்று அலையைத் தூக்கிப் போட்டது. படகு சாய்ந்து நிமிர்ந்தது. நிமிர்ந்தபோது ரெனாத்தா இல்லை.

நான் சுக்கானை விட்டிருந்தால் படகு குறுக்கே திரும்பிக் கவிழ்ந்திருக்கும், மீதிப் பேரும் தண்ணீரில் இருந்திருப்பார்கள். இதை நான் எனக்கே பல முறை சொல்லிக்கொண்டேன். உண்மைதான். ஆனால் நான் கையில் சுக்கானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நம் பெண் குதித்தாள். இரண்டு தலையும் தெரியவில்லை. அந்த ஏரியில் நான் முப்பது வருடமாகப் படகு ஓட்டுகிறேன், வேவா. அதன் தண்ணீர் எவ்வளவு கறுப்பு என்று நேற்றுதான் பார்த்தேன்.

பிறகு அரசேலி எழுந்தாள். குழந்தையின் தலைமுடியைப் பிடித்திருந்தாள். பாறையில் முழங்கை கிழிந்திருந்தது. செஞ்சோ தன் படகை ஒட்டிக் கொண்டுவந்து இருவரையும் தூக்கினான். ரெனாத்தா தண்ணீரைக் கக்கிவிட்டு அழுதாள். ஒரு குழந்தை அழுவதைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டது நீ அரசேலியைப் பெற்ற அன்றுதான்.

கரைக்கு வந்ததும் அந்தத் தகப்பன் என்னை அடிப்பார் என்று நின்றேன். அடித்திருக்கலாம். அவர் அரசேலியைக் காட்டி, "உங்க பொண்ணா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. உங்களுக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார். படகுக்காரர் சங்கத்தில் நானே போய்ச் சொன்னேன். இரண்டு மாதம் படகு ஓட்டக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறார்கள். குறைவான தண்டனைதான்.

இப்போது கஷ்டமான பகுதி.

வீட்டுக்கு வந்து அரசேலி தலை துவட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றேன். உள்ளே போகவும் முடியவில்லை, வெளியே போகவும் முடியவில்லை. அவளே பேசினாள். "அம்மாவுக்கு இத எப்படி எழுதப் போறீங்க? இதுக்கும் மோட்டார் ரிப்பேருன்னா?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

டிசம்பரில் மழையும் இல்லை, மோட்டாரும் நிற்கவில்லை, வேவா. நானும் அரசேலியும் வெராக்ரூஸுக்குப் போனோம். பஸ்ஸில் நாலு மணி நேரம். அவள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள், சராகோசாவில் பள்ளிக்கூடம் எப்படி இருக்கும், ஆற்றில் படகு உண்டா என்று. அலுவலகத்தில் எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். கட்டணம் சட்டைப் பையில் முழுதாக இருந்தது. கவுண்டரில் இருந்த பெண் தகப்பன் கையெழுத்துப் போட வேண்டிய தாளை என் பக்கம் தள்ளினாள். உன் சம்மதம் ஏற்கெனவே வந்திருந்தது, என்னுடையது மட்டும்தான் பாக்கி. நான் பேனாவை எடுத்தேன், கீழே வைத்தேன். காசு போதவில்லை, இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லி எழுந்துவிட்டேன். என் பையில் இருந்தது அரசேலிக்குத் தெரியும். காலையில் அவள்தான் எண்ணிக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவள் பாஸ்போர்ட் என்ற சொல்லையே எடுக்கவில்லை.

ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை என்று நேற்றுதான் கேட்டேன். "நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன்" என்றாள்.

ஜனவரியில் கட்டணம் ஏறியபோது எல்லோரும் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன். ஆனால் உள்ளுக்குள் ஏறட்டும் என்றுதான் இருந்தது. அதற்குப் பின்னால் நான் நன்றாக ஒளிந்துகொள்ளலாம். கூட்டம் வர வர எனக்கு இன்னும் வசதி, நேரமில்லை என்று சொல்லலாம். வெள்ளிக்கிழமையும் திங்கட்கிழமையும் அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திப் படகில் ஏற்றியதும் உண்மைதான். தலைவலி எல்லாம் நான் எழுதியது. அவள் படகில் இருந்தால் என் கண்முன் இருப்பாள். அவள் இந்த ஊரில் இருக்கும்வரை உனக்கும் இந்த ஊருக்கு வர ஒரு காரணம் இருக்கும்.

போக வேண்டுமா என்று அவளைக் கேட்டேன். இத்தனை நாளில் முதல் தடவையாகக் கேட்டேன். துண்டை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "போகணும்ப்பா. உங்கள விட்டுட்டுப் போகணும்னு இல்ல. ஆனா போகணும்."

நீ என்மேல் கோபப்படு. ஆனால் அவளிடம் கோபப்படாதே.

டெயோ

•

கத்தேமாகோ,
ஜூன் 26

அன்புள்ள வேவாவுக்கு,

ஈஸ்டருக்குப் பிறகு நீ எழுதிய கடிதத்தை இதுவரை யாரிடமும் காட்டவில்லை. நீ எழுதியது எல்லாம் நியாயம். நாலு பக்கத்தில் ஒரு இடத்தில்கூட உன்னை மறுத்துச் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் ரெனாத்தாவின் அப்பாவுக்கு நீ தனியாக எழுதிய தாளை, அவர் விடுதியில் கொடுத்திருந்த முகவரிக்கு அனுப்பிவிட்டேன். குழந்தை நன்றாக இருக்கிறாள், தண்ணீரைக் கண்டால் மட்டும் பயப்படுகிறாள் என்று பதில் வந்தது. அடுத்த வருடம் அவளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கப் போவதாகவும் எழுதியிருந்தார். உன் பெயரை விசாரித்திருந்தார்.

தேர்வு முடிந்தது. அரசேலி கணக்கில் மட்டும் தட்டுத் தடுமாறி, மற்றவற்றில் நன்றாகவே தேறிவிட்டாள். ஏப்ரலுக்குப் பிறகு ஒரு நாள்கூடப் பள்ளிக்குப் போகாமல் இருந்ததில்லை. எனக்கும் அப்போது படகு இல்லை. தடை இருந்த நாளில் எவுஃபேமியா அக்காவுக்கு உட்கார்ந்து நத்தை சுத்தம் செய்தேன். "ஒனக்கு இந்தத் தண்டன பத்தாது" என்று சொல்லிக்கொண்டே தினமும் எனக்குச் சாப்பாடு போட்டாள்.

போன வியாழக்கிழமை வெராக்ரூஸ் போனோம்.

அங்கே நான் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏரிக்கு வருகிறவர்கள் கட்டணத்தைப் பார்த்து, சரி, இந்த வருடம் வேண்டாம் என்று திரும்பிவிட்டவர்கள். அவர்களுக்குக் கொலம்பியா இல்லாவிட்டால் கத்தேமாகோ. அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அப்படியில்லை. என் பக்கத்தில் ஒரு தச்சன், கனடாவுக்கு ஆப்பிள் பறிக்கப் போகிறான். எதிரில் ஒரு பெண், கைக்குழந்தையோடு, புருஷன் இருக்கும் ஊருக்குப் போகிறாள். கட்டணம் எவ்வளவு ஏறினாலும் இவர்கள் கட்டித்தான் ஆக வேண்டும். முணுமுணுப்புக்கூட இல்லை. அந்தத் தச்சனிடம் கட்டணம் ரொம்ப அதிகம் இல்லையா என்று நான் பேச்சுக் கொடுத்தேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அண்ணே, போகாம இருந்தா ஆகுற செலவு அதவிட ஜாஸ்தி" என்றான்.

எங்களைக் கூப்பிட்டார்கள். போட்டோ எடுக்கும்போது சிரிக்கக் கூடாது என்றார்கள். அரசேலி மூன்று முறை சிரித்துவிட்டாள். நாலாவது முறை நான் வெளியே போய் நின்ற பிறகுதான் சரியாக வந்தது. பிறகு அந்தத் தாள். இந்த முறை கவுண்டரில் வேறு பெண். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலை வைத்துக் காட்டினாள். அரசேலி என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றுதான் அப்படி நின்றாள் என்று எனக்குத் தெரியும். போட்டேன். என் கையெழுத்து எவ்வளவு சின்னது, வேவா. எலியூதேரியோ என்று முழுப்பெயரை எழுதினாலும் ஒரு மூச்சு நேரம்தான். இதற்கு மூன்று வருடம் எடுத்துக்கொண்டேன்.

அன்றே புத்தகத்தைக் கொடுத்துவிட்டார்கள். வெளியே வந்து ஒரு நிழலில் நின்று ஐஸ் வாங்கித் தின்றோம். அரசேலி புத்தகத்தின் பச்சை அட்டையைத் திறந்து, மூடி, திறந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு திடீரென்று அழுதாள். ஏன் என்று கேட்டால், "தெரியலப்பா, ஐஸ் ரொம்பக் குளிரு" என்றாள். திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் தூங்கினாள். எனக்குத்தான் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு முறை முறைத்தார்.

விமானம் ஆகஸ்ட் 12, புதன்கிழமை. மெக்சிகோ நகரம் வரை நானே கொண்டுபோய் விடுவேன். அங்கிருந்து விமானத்தில் ஒரு பணிப்பெண் பொறுப்பில் வருவாள், மாட்ரிட்டில் உன் கையில்தான் ஒப்படைப்பார்கள். உன் அடையாள அட்டையைக் கட்டாயம் எடுத்துப் போ. நான் கையெழுத்துப் போட்ட அனுமதித் தாளின் நகலை அவள் பையில் இரண்டாக வைத்திருக்கிறேன்.

அவளைப் பற்றிச் சில விஷயம். நீ விட்டுப் போனபோது அவளுக்குப் பதினொன்று. அந்தப் பெண்ணை எதிர்பார்த்து நிற்காதே. இப்போது காலையில் எழுந்தவுடன் சாப்பிட மாட்டாள், வற்புறுத்தாதே, ஒரு மணி நேரம் கழித்து அவளே கேட்பாள். பொய் சொன்னால் உடனே கண்டுபிடிப்பாள், ஆனால் சொல்லிக் காட்ட மாட்டாள். நீயாகச் சொல்லும்வரை காத்திருப்பாள். அது கோபத்தைவிடக் கஷ்டம். அதனால் அவளிடம் எதையும் மறைக்காதே. உன் வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் வந்து போகிறார்கள் என்பதை எல்லாம் முதல் நாளே சொல்லிவிடு. எனக்காகக் கேட்கவில்லை. அவளுக்காகச் சொல்கிறேன். அப்படி எழுதிவிட்டேன், பாதி எனக்காகவும்தான்.

கரையில் இப்போது மழை. கூட்டம் குறைந்துவிட்டது. ஜூலையில் மாதா திருவிழாவுக்கு மறுபடி வருவார்கள். எனக்கும் படகு திரும்பிவிட்டது. பன்னிரண்டு பேர்தான். பதின்மூன்றாவது ஆள் வந்தால் செஞ்சோவின் படகைக் காட்டுகிறேன். அவன், "மச்சான், நீ திருந்துனது எனக்கு லாபமா இருக்குடா" என்கிறான்.

கடைசியாக ஒன்று. அந்த அலுவலகப் பெண் அரசேலியின் புத்தகத்தைக் கொடுக்கும்போது என்னைப் பார்த்து, "உங்களுக்கும் சேத்து எடுத்துக்கலாமே சார், ஜனவரில மறுபடி ஏறிடும்" என்றாள். என்னிடம் பணம் இருந்தது. நேரமும் இருந்தது. நான் எடுக்கவில்லை. உன்னைக் கேட்காமல் எடுக்கக் கூடாது என்று தோன்றியது.

ஏறினாலும் கட்டிவிடுவேன், அதை இனி ஒரு காரணமாக உன்னிடம் சொல்ல மாட்டேன். வா என்று நீ எழுதினால் வருகிறேன், சும்மா பார்த்துவிட்டுத் திரும்புவதற்கென்றாலும் சரி. வேண்டாம் என்றால் அதையும் நீயே உன் கையால் எழுது. அரசேலியைக் கொண்டு எழுத வைக்காதே.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். அவள் வந்து சேர்ந்ததும் தகவல் சொல். மற்றதற்கு அவசரமில்லை. அவசரமில்லை என்று எழுதிவிட்டேனே தவிர, தபால்காரர் வரும் நேரத்துக்கு நான் படகைக் கரையில்தான் வைத்திருப்பேன்.

டெயோ